குழாயின் வாட்டமும் உரிமத்தின் சட்டமும்

சுவர் கோணினால் கண்ணுக்குத் தெரியும். வண்ணம் மங்கினாலும் தெரியும். தளத்துக்கு அடியில் புதைந்த கழிவுநீர்க் குழாய் இரண்டு அங்குலம் வாட்டம் குறைந்து கிடந்தால் அது யார் கண்ணுக்குத் தெரியும்? மூன்று மாதம் கழித்து மூக்குக்குத்தான் தெரியும். அதற்குள் சிமெண்டுத் தளம் இறுகியிருக்கும், கூலி கைமாறியிருக்கும், வேலை செய்தவர் வேறொரு வீட்டில் வேறொரு குழியை வெட்டிக்கொண்டிருப்பார். வாங்குகிறவர் தம் கண்ணால் பார்த்து மதிப்பிட இயலாத தொழில்கள் சில உண்டு. அத்தகைய தொழில்களுக்குத்தான் அரசுகள் உரிமம் வைக்கின்றன. மருத்துவத்துக்கு உரிமம் வைத்ததும் அதனால்தான். குழாய் வேலைக்கு வைத்ததும் அதனால்தான்.

நம் மன்றத்தில் சட்டம் பயில்வோரும் இருக்கிறார்கள். பொறியியல் பயில்வோரும் இருக்கிறார்கள். இவ்விரு சாராரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து படிக்கத்தக்க பொருள் எது என்று தேடியபோது, சட்ட மாணவனாகிய எனக்குக் கிடைத்தது இந்தக் குழாய் வழக்குதான். வீட்டுக்காரர் ஒருவர்; அவரிடம் மொத்த வேலையையும் ஒப்புக்கொண்ட தலைமை ஒப்பந்தக்காரர் ஒருவர்; அவரிடமிருந்து குழாய் வேலையை மட்டும் பிரித்து வாங்கிய துணை ஒப்பந்தக்காரர், அதாவது பிளம்பர், ஒருவர். வேலை சரியில்லை என்று தகராறு எழுகிறது. பிளம்பரின் உரிமத்தின்மேல் முறையீடு போகிறது. அந்த முறையீடு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதே நம் பாடம்.

இதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டை விட்டு அவ்வளவு தொலைவு போவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் எளிது. கட்டடத் தொழிலுக்கு உரிமம் வழங்கவும், அதன்மேல் வரும் முறையீடுகளை விசாரிக்கவும் அங்கே 1929-ஆம் ஆண்டு முதல் தனி அமைப்பு இருந்து வருகிறது. எந்தக் குற்றத்துக்கு எந்தப் பிரிவு என்று சட்டம் தெளிவாகப் பகுத்து வைத்திருக்கிறது. பாடம் படிக்கக் கோடு தெளிவாகத் தெரியும் படமே நல்லது. மும்பைக்குப் பின்னர் வருவோம்.

முதலில் உரிமத்தைப் பற்றி. அங்கே குழாய் வேலைக்கு 'சி-36' என்று தனி வகுப்பு உண்டு. அதைப் பெற விரும்புகிறவர் முந்தைய பத்தாண்டுகளுக்குள் நான்காண்டுகள் தேர்ந்த பணியாளராக வேலை பார்த்திருக்க வேண்டும். இரண்டு தேர்வுகள்: ஒன்று தொழிலைப் பற்றியது, மற்றது சட்டத்தையும் வணிக நிர்வாகத்தையும் பற்றியது. 25,000 டாலருக்கு ஒரு பிணைப் பத்திரமும் கொடுக்க வேண்டும். 2023-க்கு முன் இது 15,000 டாலராக இருந்தது. நகராட்சி அனுமதி தேவைப்படாமலும், கூலியாள் வைக்காமலும் செய்கிற 1,000 டாலருக்குக் குறைந்த சில்லறை வேலைகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஒழுகும் குழாயை மாற்றுவது வேறு, வீட்டின் அடித்தளத்தில் கைவைப்பது வேறு என்பதே இதன் கருத்து.

இனி வழக்கு. இது பாடத்துக்காக நானே அமைத்துக்கொண்ட கற்பனை வழக்கு. சட்டமும் அளவுகளும் மட்டும் கற்பனையல்ல.

ஃபிரெஸ்னோ நகரில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தம் வீட்டின் பின்புறம் ஓர் அறையும் குளியலறையும் கூட்டிக் கட்ட விரும்புகிறார். தலைமை ஒப்பந்தக்காரர் 60,000 டாலருக்கு ஒப்புக்கொள்கிறார். கட்டட வரைபடம் தீட்டுவதற்கு உரிமம் பெற்ற சிற்பி ஒருவரை அமர்த்தினால் செலவு கூடும் என்று தாமே படம் வரைந்துவிடுகிறார். குழாய் வேலையை 14,000 டாலருக்கு ஒரு பிளம்பரிடம் விடுகிறார். புதுக் குளியலறையிலிருந்து பழைய கழிவுநீர்க் குழாய்வரை 20 அடி நீளத்துக்கு மூன்று அங்குலக் குழாய் பதிக்க வேண்டும் என்பது படம்.

பிளம்பர் குழி வெட்டுகிறார். பழைய குழாய், எதிர்பார்த்த ஆழத்தில் இல்லை, மேலாகக் கிடக்கிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே கிடைக்கக்கூடிய இறக்கம் மூன்று அங்குலம்தான். மேற்பார்வையாளரிடம் வாயால் சொல்கிறார். "இருக்கிறதை வைத்து முடி, நாளைக் காலை கான்கிரீட்டு வண்டி வருகிறது" என்பது பதில். பிளம்பர் முடிக்கிறார். நகராட்சிச் சோதனையாளர் வருகிறார். குழாயில் நீர் நிரப்பிப் பார்த்து, கசிவு இல்லை என்று கையெழுத்திட்டுப் போகிறார். தளம் போடப்படுகிறது. மூன்று மாதத்தில் கழிவு தேங்கிக் குளியலறைத் தரைக்கு மேல் எதிர்த்து வருகிறது.

ஆசிரியை முழுத் தொகையையும் தலைமை ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டார். அவரோ பிளம்பருக்கு 5,000 மட்டும் கொடுத்திருக்கிறார். பாக்கி 9,000. "தளத்தை உடைத்துக் குழாயை மாற்ற 4,000 ஆகும். தவறு உன்னுடையது. பாக்கியில் ஒரு காசும் தரமாட்டேன். உன் உரிமத்தின்மேலும் எழுதிப் போடுகிறேன்" என்கிறார்.

பொறியியல் நண்பர்கள் இப்போது முன்னால் வரவேண்டும். கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் ஏன்? குழாயில் ஓடுவது வெறும் நீரன்று. நீர் தன்னுடன் திடப்பொருளையும் இழுத்துச் செல்ல வேண்டும். வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வேகமாவது இருந்தால்தான் அது நடக்கும். வேகம் குறைந்தால் நீர் மட்டும் நழுவிப்போகும், மற்றது படுத்துக்கொள்ளும். படுத்ததன் மேல் அடுத்தது வந்து படியும். ஆகவே கலிபோர்னியாக் குழாய் விதிகள், அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும் என்கின்றன. 20 அடிக்கு ஐந்து அங்குலம். நம் பிளம்பருக்குக் கிடைத்தது மூன்று. கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் அதே விதியில் ஒரு சலுகை உண்டு. வழக்கின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். தெருச் சாக்கடையின் ஆழத்தாலோ கட்டடத்தின் அமைப்பாலோ கால் அங்குல வாட்டம் இயலாமற்போனால், நான்கு அங்குலமோ அதற்கு மேலோ விட்டமுள்ள குழாயை அடிக்கு அரைக்கால் அங்குல வாட்டத்தில் பதிக்கலாம். நகராட்சி அதிகாரியின் அனுமதியை முன்னதாகப் பெற்றிருக்க வேண்டும். அரைக்கால் அங்குலம் என்றால் 20 அடிக்கு இரண்டரை அங்குலம். கையில் இருந்ததோ மூன்று! ஆக, மூன்று அங்குலக் குழாய்க்குப் பதிலாக நான்கு அங்குலக் குழாய் வாங்கி, அதிகாரியிடம் ஓர் அனுமதியும் வாங்கியிருந்தால் அந்த வேலை சட்டப்படி சரியான வேலை. ஒரு குழாயின் விலை வேறுபாடும் ஒரு நாள் தாமதமும்தான் குறுக்கே நின்றவை. அந்த ஒரு நாளைத்தான் கான்கிரீட்டு வண்டி விழுங்கிவிட்டது.

சோதனையாளர் கையெழுத்திட்டாரே என்று பிளம்பர் கேட்பார். அவர் செய்த நீர்ச் சோதனை என்ன? குழாயில் பத்தடி உயரத்துக்குக் குறையாமல் நீரழுத்தம் கொடுத்து, பதினைந்து நிமிடம் வைத்துப் பார்ப்பது. அது கசிவைக் காட்டும், வாட்டத்தைக் காட்டாது. மட்டமாகக் கிடக்கும் குழாய்கூட அந்தச் சோதனையில் தேறிவிடும். சோதனையாளர் ரசமட்டம் வைத்து வாட்டத்தையும் பார்த்திருக்க வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் அவர் பாராமல் விட்டது, விதிக்கு மாறாகப் பதித்தவரின் பொறுப்பை நீக்கிவிடாது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். ஒப்பந்தக்காரர் உரிமச் சட்டத்தின் 7109-ஆம் பிரிவு, நல்ல வேலைக்குத் தொழிலில் ஏற்கப்பட்ட முறையிலிருந்து முக்கியமான வகையில் வேண்டுமென்றே விலகுவது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம் என்கிறது. "நான் வேண்டுமென்றா செய்தேன்? இடம் அப்படி இருந்தது" என்று பிளம்பர் சொல்லலாம். ஆனால் இங்கே 'வேண்டுமென்றே' என்ற சொல்லுக்குத் தீய எண்ணத்துடன் என்பது பொருளன்று. இன்னதைச் செய்கிறோம் என்று அறிந்து செய்தாலே போதும். வாட்டம் குறைகிறது என்பதை அவர் அறிவார். மேற்பார்வையாளரிடம் சொன்னதே அதற்குச் சான்று. தம்மைக் காக்கும் என்று அவர் நம்பிய சொல்லே அவருக்கு எதிராகத் திரும்புகிறது பாருங்கள்!

"தலைமை ஒப்பந்தக்காரரின் படத்தைத்தானே பின்பற்றினேன்" என்பது அடுத்த வாதம். அதே பிரிவில் இதற்கும் விடையிருக்கிறது. கட்டடச் சிற்பி தயாரித்த படத்தை, அல்லது அவருடைய நேர்ப் பார்வையில் தயாரான படத்தைப் பின்பற்றி விலகியிருந்தால் குற்றமில்லை. நம் வழக்கில் படம் வரைந்தவர் சிற்பியல்லர். ஆகவே அந்தக் குடை இவருக்கு விரியாது. செலவைச் சுருக்கியவர் தலைமை ஒப்பந்தக்காரர், நனைகிறவர் பிளம்பர். இது எனக்குச் சற்றே உறுத்துகிறது. ஆயினும் சட்டத்தின் நோக்கம் விளங்காமலில்லை. உரிமம் பெற்ற பிளம்பர் என்பவர் படத்தைப் பார்த்துக் குழாய் நீட்டும் கருவியல்லர். படம் தவறானால் தவறு என்று சொல்லவும், மீறிச் செய்யச் சொன்னால் மறுக்கவும் அறிந்தவர். அந்த அறிவுக்காகத்தான் நான்காண்டு அனுபவமும் இரண்டு தேர்வுகளும் கேட்டார்கள்.

சரி, யார் யார்மேல் முறையிடலாம்? ஆசிரியைக்கும் பிளம்பருக்கும் இடையே ஒப்பந்தம் கிடையாது. 'குழாய் வேலையைச் செய்து தருகிறேன்' என்று பிளம்பர் வாக்குக் கொடுத்தது தலைமை ஒப்பந்தக்காரருக்கே. ஒப்பந்தத்தை மட்டும் வைத்து ஆசிரியை வழக்காடினால் தலைமை ஒப்பந்தக்காரர்மேல்தான் வழக்காடலாம். "குழாய் என் வேலையன்று, அவனைக் கேளுங்கள்" என்று அவர் கையை உதற முடியாது, ஒப்புக்கொண்டது முழு வேலையையும். ஆனால் உரிமம் ஒப்பந்தத்தைப் போன்றதன்று. உரிமம் என்பது பிளம்பருக்கும் மாநிலத்துக்கும் இடையிலான உறவு. ஆகவே ஒப்பந்தம் இல்லாத ஆசிரியையும் பிளம்பரின் உரிமத்தின்மேல் எழுதலாம். தலைமை ஒப்பந்தக்காரரும் எழுதலாம். எழுதுவதற்கு நான்காண்டுக் கெடு உண்டு. கட்டணம் இல்லை.

எழுதியபின் நடப்பது என்ன? வாரியம் முதலில் எதிர்த்தரப்புக்குத் தெரிவித்து, சமரசத்துக்கு முயலும். அது முடியாவிடில் விசாரணை. தொழில் வல்லுநர் ஒருவர் வேலையை நேரில் பார்த்து, முறைப்படி இருக்கிறதா, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுதித் தருவார். ஆகவே ஆசிரியைக்கு நாம் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை: வல்லுநர் பார்க்குமுன் தளத்தை உடைத்துக் குழாயை எடுத்து எறிந்துவிடாதீர்கள் என்பதே. அவசரத்துக்கு உடைக்க நேர்ந்தால், குழாய்க்குள் ஒளிப்படக் கருவியை விட்டு எடுத்த படமும், தளத்தைத் திறந்தபின் ரசமட்டம் வைத்து எடுத்த அளவும், இரு தரப்புக்கும் முன்னதாகக் கொடுத்த அறிவிப்பும் கையில் இருக்க வேண்டும். தளம் போடுமுன் யாரேனும் கைப்பேசியில் எடுத்த ஒரு படம் பத்துப் பக்க வாதத்தைவிட வலியது.

விசாரணையில் குற்றம் தெரிந்தால் எச்சரிக்கையோடு விடலாம். அபராதமும், சரிசெய்து கொடு என்ற கட்டளையும் பிறப்பிக்கலாம். பெருங்குற்றமானால் நிர்வாக நீதிபதி முன் குற்றச்சாட்டு வைத்து உரிமத்தை நிறுத்தி வைக்கவோ பறிக்கவோ செய்யலாம். இத்தகைய நடவடிக்கை பிளம்பரின் உரிம எண்ணைத் தேடுகிறவர் எவர் கண்ணிலும் படும். அடுத்த வேலை தருபவரும் பார்ப்பார். அபராதத்தைவிட அது பெரிது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம்மில் பலர் முறையீடு என்றால் பணத்தை வசூலித்துத் தரும் வழி என்று எண்ணுகிறோம். வாரியம் கடன் வசூலிக்கும் இடமன்று. நீதிமன்றம் கேட்கும் வினா 'யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும்' என்பது. வாரியம் கேட்கும் வினா 'இவரிடம் இந்தத் தொழிலை நம்பி விடலாமா' என்பது. இரண்டுக்கும் ஒரே குழாய்தான் சான்று. ஆனால் விடைகள் வேறு வேறாக இருக்கலாம். பிளம்பர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகலாம். அதே நேரத்தில் தலைமை ஒப்பந்தக்காரர் அவருக்குப் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவராகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பெரியவர் சிறியவரை அச்சுறுத்துகிறார்: "உரிமத்தின்மேல் எழுதுவேன், ஆகவே பாக்கி கேட்காதே."

இந்த அச்சுறுத்தலுக்குச் சட்டத்திலேயே மறுமொழி இருக்கிறது. 7108.5 என்ற பிரிவின்படி, வேறு விதமாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, தலைமை ஒப்பந்தக்காரர் தமக்குத் தவணைப் பணம் வந்த ஏழு நாளுக்குள் துணை ஒப்பந்தக்காரரின் பங்கைக் கொடுத்துவிட வேண்டும். நேர்மையான தகராறு இருந்தால் தகராறுக்குரிய தொகையில் நூற்றுக்கு நூற்றைம்பது வரைதான் நிறுத்தி வைக்கலாம். நம் கணக்கைப் போடுவோம். தகராறு 4,000 டாலர். அதன் ஒன்றரை மடங்கு 6,000. பாக்கி 9,000. ஆக 3,000 டாலரை அவர் உடனே கொடுத்தாக வேண்டும். பிளம்பர் செய்த வேலை தவறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் பிடித்து வைப்பது தலைமை ஒப்பந்தக்காரரின் உரிமத்தின்மேல் நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம். மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் தண்டத் தொகையும் உண்டு. பிளம்பரும் ஓர் தாளை எடுத்து எழுதலாம்!

அவருக்கு இன்னொரு வழியும் உண்டு. வேலை செய்தும் கூலி பெறாதவர் அந்த வீட்டின்மேலேயே உரிமை கோரிப் பதிவு செய்யலாம். கலிபோர்னியாவின் அரசியலமைப்பே தரும் உரிமை இது. துணை ஒப்பந்தக்காரர், வேலை தொடங்கிய இருபது நாளுக்குள் வீட்டுக்காரருக்கு முன்னறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இங்கே பாதிக்கப்படுபவர் யார்? ஆசிரியை. அவர் 60,000 டாலரையும் கொடுத்து முடித்தவர். ஆயினும் தம் பணம் பிளம்பர் கைக்குப் போய்ச் சேராததால் தம் வீட்டின்மேல் வில்லங்கம் ஏறக் காண்கிறார். கடைசித் தவணை கொடுக்குமுன், துணை ஒப்பந்தக்காரர்கள் பணம் பெற்றுக்கொண்டு உரிமையை விட்டுக்கொடுத்த கடிதங்களைக் கேட்டு வாங்கியிருந்தால் இது நேர்ந்திராது.

பிணைப் பத்திரம் 25,000 டாலர் என்றேனே, அதைக் காப்பீடு என்று கருத வேண்டாம். ஒரே பத்திரம்தான், பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர்கள் பலரானால் பலரும் அதில் பங்கு கேட்பார்கள். தனி மனிதர் வழக்கறிஞர் இல்லாமல் போகக்கூடிய சிறு வழக்கு மன்றத்தில் உச்ச வரம்பு 12,500 டாலர். ஆசிரியையின் 4,000 அதற்குள் அடங்கும். அவருக்கு நான் சொல்லும் யோசனை: பணத்துக்கு அந்த மன்றம், தொழில் தவறுக்கு வாரியம், இரண்டையும் ஒன்றுக்கொன்று காத்திராமல் நடத்துக.

இதுவரை பிளம்பருக்கு உரிமம் இருந்தது என்று வைத்துப் பேசினோம். இல்லாவிடில்? அப்போது சட்டம் ஈவிரக்கம் பார்ப்பதில்லை. 7031-ஆம் பிரிவு, வேலை நடந்த காலம் முழுதும் உரிமம் இல்லாதவர் கூலி கேட்டு வழக்காடவே முடியாது என்கிறது. 2001-இல் இன்னும் ஒரு படி மேலே போய், வாங்கிய பணத்தையும் திருப்பிக் கேட்கலாம் என்று சேர்த்தார்கள். இதில் நாம் படிக்க வேண்டிய தீர்ப்பு 1991-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அளித்த ஹைட்ரோடெக் வழக்கின் தீர்ப்பு. பாம் ஸ்பிரிங்ஸ் நகரில் நீர் விளையாட்டுப் பூங்கா ஒன்றுக்கு அலை எழுப்பும் கருவிகளை அமைத்த வெளி மாநில நிறுவனம் அது. கலிபோர்னியா உரிமம் அதனிடம் இல்லை. 'பணம் தருவதாக வாக்களித்து எங்களை வரவழைத்து ஏமாற்றிவிட்டார்கள்' என்று வாதாடியது. ஏமாற்றம் உண்மையாகவே இருந்தாலும், உரிமமில்லாதவர் அந்தக் காரணம் காட்டியும் கூலியைப் பெற முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் எஃகு வேலை செய்த துணை ஒப்பந்தக்காரர் ஒருவரின் வழக்கில், வேலை தொடங்கியபோது உரிமம் இல்லாமல் பிறகு பெற்றிருந்தாலும், அந்த ஒப்பந்தத்தின் கீழ் பிற்பகுதி வேலைக்கும் கூலி கேட்க இயலாது என்று அதே நீதிமன்றம் கூறியது. சட்டத்தில் உள்ள சில குறுகிய விலக்குகள் மட்டுமே தப்பும் வழி.

இத்தகைய கடுமை பொதுமக்களைக் காக்கத்தான் என்பர். ஒரு வீட்டுக்காரருக்கும் உரிமமில்லாதவருக்கும் இடையே என்றால் நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் சட்டம் அறிந்த பெரிய ஒப்பந்தக்காரர், உரிமமில்லாச் சிறியவரை அறிந்தே வேலைக்கு வைத்து, வேலையும் வாங்கிக்கொண்டு, கூலியை மட்டும் மறுக்கும்போது பொதுமக்களில் யார் காக்கப்பட்டார்கள்? நீதிபதிகள் இந்த வினாவை அறியாமலில்லை. சிலருக்கு அநீதி நேர்ந்தாலும் பலர் உரிமம் பெறத் தூண்டுதலாகும் என்று துணிந்தே சொன்னார்கள். சட்ட மாணவர்கள் இத்தீர்ப்பை வைத்து ஒரு மாலை முழுதும் வாதாடலாம்.

இனி நம் பக்கம் திரும்புவோம். மும்பையில் மாநகராட்சி உரிமம் பெற்ற பிளம்பர் என்ற ஏற்பாடு பழையது. குடிநீர் இணைப்புக்கு அவர் வழியாகவே விண்ணப்பம் போகும். 2016-ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் ஒன்பதாம் பகுதி குழாய் வேலையைப் பற்றியது. பிளம்பர்களுக்கு உரிமம் வழங்குவதையும் அது பேசுகிறது. ஆனால் அத்தொகுப்பு பரிந்துரையே. உள்ளாட்சிகள் தம் விதிகளில் ஏற்றுக்கொண்டால்தான் கட்டாயம். ஒரு செய்தி பொறியியல் நண்பர்களுக்குச் சுவையாக இருக்கும். கலிபோர்னியாவின் விதிகளுக்கு மூலமான அமெரிக்கக் குழாய் விதித்தொகுப்பு, இந்தியாவுக்கேற்பத் திருத்தப்பட்டு இங்கும் வெளியாகியுள்ளது. வாட்டக் கணக்கு இரு நாட்டிலும் ஒன்றே. முறையிடும் இடம்தான் வேறு.

இங்கே விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவர் ஒருவராகவும், வீட்டுக்குள் வந்து குழாய் பதிப்பவர் வேறொருவராகவும் இருப்பது அரிதன்று. என் தாய்மாமன் ஊரில் முப்பதாண்டுகளாகக் குழாய் வேலை செய்கிறவர். நீர் நிரப்பிய ரப்பர்க் குழாயை இரு முனையிலும் பிடித்து மட்டம் பார்ப்பதில் அவருக்கு நிகர் அந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் அவர் பெயர் எந்த அலுவலகத்துப் பதிவேட்டிலும் இல்லை. அவர் தவறு செய்தால் முறையிட இடமில்லை என்பது ஒரு புறம். அவருக்குக் கூலி மறுக்கப்பட்டால் காட்டுவதற்குத் தாள் இல்லை என்பது மறுபுறம். மும்பையிலும் இத்தகைய கைகளே பல கட்டடங்களுக்குக் குழாய் பதிக்கின்றன.

வீட்டுக்காரருக்கு நம் நாட்டில் கைகொடுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சேவையில் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம், கொடுத்த தொகை 50 இலட்சம் ரூபாய்க்கு மிகாதவரை அங்கேயே போகலாம், இரண்டாண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. இச்சட்டத்தில் 'நுகர்வோர்' என்ற சொல், சேவையை அமர்த்தியவரை மட்டுமன்றி, அவர் ஒப்புதலுடன் பயன்பெறுகிறவரையும் குறிக்கும். ஒப்பந்தமில்லை என்று பிளம்பர் ஒதுங்கும்போது இந்தச் சொல் உதவக்கூடும். ஆனால் ஆணையம் இழப்பீடு வாங்கித் தருமேயன்றி, அந்தப் பிளம்பர் நாளை அடுத்த வீட்டில் அதே குழியை வெட்டுவதைத் தடுக்கும் உரிமத்தை அது கையில் வைத்திருக்கவில்லை.

பிளம்பருக்கோ அந்த ஆணையமும் இல்லை. அவர் நுகர்வோர் அல்லர். சிறு தொழிலாகப் பதிவு செய்திருந்தால் 2006-ஆம் ஆண்டுச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது. கட்டட வேலை ஒப்பந்தங்கள் அதில் அடங்குமா என்பதில் உயர் நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு எழுந்திருக்கிறது. எஞ்சியது உரிமையியல் நீதிமன்றம். அங்கே அவர் கேட்கப்படும் முதல் வினா 'எழுத்தில் என்ன இருக்கிறது' என்பதாகவே இருக்கும்.

அடுத்த கூட்டத்தில் வாதிடுவதற்கு நம் ஃபிரெஸ்னோ வழக்கைச் சற்றே மாற்றித் தருகிறேன். பிளம்பர் மூன்று அங்குலக் குழாயை விட்டு நான்கு அங்குலக் குழாயையே பதித்தார். இறக்கம் அதே மூன்று அங்குலம். கழிவு தடையின்றி ஓடுகிறது, ஆசிரியைக்குக் குறையில்லை. ஆனால் நகராட்சியின் அனுமதியை அவர் கேட்கவில்லை. வேலை நடந்த ஆறு வாரத்தில் நடுவே பத்து நாள் அவருடைய உரிமம் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. தலைமை ஒப்பந்தக்காரர் இவ்விரண்டையும் சுட்டிக்காட்டி, பாக்கி 9,000-ஐ மறுப்பதுடன் முன்பு கொடுத்த 5,000-ஐயும் திருப்பிக் கேட்கிறார். பிளம்பருக்காக வாதாட முன்வருவோர் தம் பெயரை மன்றச் செயலரிடம் கொடுக்கலாம்.